பக்கவாதத்துக்கு ஃபிளேவனாய்டு மாத்திரை: ‘ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது’ என்றால் என்ன?

வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டால், முதல் சில நாட்கள் ஆஸ்பத்திரியிலேயே ஓடிவிடும். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆலோசனைகள் வரத் தொடங்கும். யாராவது ஒருவர் போனில் ஒரு மாத்திரை டப்பாவின் படத்தை அனுப்புவார். “இயற்கையான ஃபிளேவனாய்டு, மூளை செல்களைப் புதுப்பிக்கும், ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது” என்று கீழே எழுதியிருக்கும். அனுப்பியவருக்கு நல்ல எண்ணம்தான். தேடிப் பார்த்தால் ஏதோ ஒரு ஆராய்ச்சியும் இருக்கத்தான் செய்யும்.

குழப்பம் எல்லாம் ‘நிரூபிக்கப்பட்டது’ என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லுக்கு நடந்தது, எலிக்கு நடந்தது, சில நூறு நோயாளிகளுக்கு நடந்தது எல்லாமே அந்தச் சொல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அவற்றைத் தனித்தனியே எடுத்துவைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. மருத்துவம் படித்திருக்கத் தேவையில்லை.

## அடைபட்ட வாய்க்கால்

மூளைக்கு ரத்தம் போவதை வயலுக்குத் தண்ணீர் பாய்வதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய வாய்க்கால், அதிலிருந்து பிரியும் சின்ன வாய்க்கால்கள், கடைசியில் ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு மடை. நடுவில் மண் சரிந்து அடைத்துக்கொண்டால் அதற்குக் கீழே உள்ள பாத்திகள் காயும். கரை உடைந்தால் தண்ணீர் கண்டபடி பாய்ந்து பயிரை அழிக்கும். பக்கவாதமும் இந்த இரண்டு வகைதான். ரத்தக்கட்டி குழாயை அடைப்பது ஒன்று, குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொன்று. அடைப்பு வகைதான் அதிகம். ஃபிளேவனாய்டு பற்றிய பேச்சும் பெரும்பாலும் அதைச் சுற்றியே நடப்பதால், இங்கேயும் அதையே எடுத்துக்கொள்வோம்.

அடைப்புக்கு நேர் கீழே இருக்கும் பாத்தி சில நிமிடங்களில் கருகத் தொடங்கும். சுற்றியுள்ள இடம் உடனே சாகாது. பக்கத்து வாய்க்கால்களிலிருந்து கசியும் கொஞ்சநஞ்ச நீரில் வாடிப்போய் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இதை விளிம்புப் பகுதி என்று வைத்துக்கொள்வோம். அவசர சிகிச்சையெல்லாம் இந்த விளிம்பைக் காப்பாற்றத்தான். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று 2006இல் ஜெஃப்ரி சேவர் என்ற நரம்பியல் மருத்துவர் கணக்குப் போட்டுக் காட்டினார். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்று டாக்டர்கள் பறப்பது இதனால்தான். (குழாய் வழியே கருவியைச் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சையும் உண்டு. தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள்.)

அடைப்பு நீங்கியதும் எல்லாம் சரியாகிவிடுவதில்லை. செத்த செல்களை அப்புறப்படுத்த மூளையின் துப்புரவு செல்கள் கிளம்புகின்றன. இவற்றுக்கு மைக்ரோக்ளியா என்று பெயர். வெள்ளம் வடிந்த வீட்டில் இடிபாடுகளை அள்ள வந்தவர்கள், வேகத்தில் நல்ல சுவரையும் இடித்துத் தள்ளினால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது. அடிபட்ட இடத்தில் உடல் நடத்தும் இந்தத் தற்காப்புக் களேபரத்துக்கு அழற்சி என்று பெயர். காயம் பட்ட விரல் சிவந்து வீங்குகிறதே, அதே சமாச்சாரம்தான். தேவையானது, ஆனால் அளவு மீறினால் கெடுதல். கூடவே, எதைத் தொட்டாலும் அரிக்கும் மூலக்கூறுகளும் அந்த இடத்தில் ஏராளமாக உண்டாகின்றன. அவற்றை அடக்கும் பொருளைத்தான் ஆன்டி ஆக்ஸிடன்ட் என்கிறோம்.

அரிக்கும் மூலக்கூறுகள், மட்டுமீறிய அழற்சி. ஃபிளேவனாய்டு நுழைவதாகச் சொல்லப்படுவது இந்த இரண்டு வாசல்கள் வழியாகத்தான்.

## காப்பது வேறு, மீள்வது வேறு

விளம்பரங்கள் இந்த இடத்தில்தான் அதிகம் குழப்புகின்றன. வாடும் செல் சாகாமல் பார்த்துக்கொள்வது ஒரு வேலை. அதற்கான நேரம் மணிக்கணக்கு, மிஞ்சிப்போனால் சில நாட்கள். செத்தது செத்ததுதான் என்றான பிறகு, மிச்சமிருக்கும் மூளையை வைத்துக்கொண்டு கை, கால், பேச்சைத் திரும்பப் பெறுவது வேறு வேலை. அதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். ‘மீட்சி’ என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான்.

ஆற்றுப்பாலம் இடிந்துவிட்டது என்றால் மக்கள் அக்கரைக்குப் போவதை நிறுத்திவிடுவதில்லை. சுற்றிக்கொண்டு போகிறார்கள். முதலில் ஒற்றையடிப் பாதையாக இருப்பது, ஆட்கள் நடக்க நடக்க வண்டிப் பாதையாகிறது. மூளையும் இப்படித்தான் செய்கிறது. செத்த பகுதியின் வேலையைப் பக்கத்துப் பகுதிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்கின்றன. மூளை தன் இணைப்புகளை இப்படி மாற்றிக்கொள்ளும் திறனுக்கு நரம்பு நெகிழ்வு என்று பெயர். பிசியோதெரபி என்பது அந்த ஒற்றையடிப் பாதையில் தினமும் நடப்பது.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இது நன்றாகப் புரியும். சட்டைப் பொத்தான் போடும் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் வலது கை மடியில் கிடக்கும், அவ்வளவுதான். மூன்றாவது வாரத்தில் விரல்கள் எல்லாம் சேர்ந்து ஒரே கொத்தாக மடங்கும். பொத்தானைப் பிடிக்க வராது, துணியைத்தான் கசக்க வரும். அப்புறம் ஒருநாள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் தனியாக நகரும். பொத்தான் நழுவும், மறுபடி பிடிபடும், துளை வரை போய் மறுபடி நழுவும். ஆறாவது வாரத்தில் ஒரு பொத்தான் போட்டு முடிக்க இரண்டு நிமிடம் ஆகும். பத்தாவது வாரத்தில் அரை நிமிடம். எல்லாருக்கும் இதே கணக்கில் நடக்காது, சிலருக்கு மூன்றாவது வாரத்தோடு நின்றும்விடும். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில்தான் வேகமாக இருக்கிறது.

அந்த மூன்று மாதத்தில், நான்காவது வாரத்தில் ஒரு புது மாத்திரை தொடங்கியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொத்தான் போட்ட பெருமை யாருக்குப் போகும்? நிச்சயமாக மாத்திரைக்குத்தான். கட்டுரையின் மீதிப் பாதி முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: செல்லைக் காப்பது மணிக்கணக்கு வேலை, மீட்சி மாதக்கணக்கு வேலை. மீட்சியில் கணிசமான பங்கு, மருந்து ஏதும் இல்லாமலே நடக்கிறது.

## ஃபிளேவனாய்டு என்றால் என்ன

செடிகள் தங்களுக்காகத் தயாரித்துக்கொள்ளும் ஒரு பெரிய வேதிக் குடும்பம் இது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்க, பூச்சியை விரட்ட, பூவுக்கு நிறம் கொடுத்து வண்டை அழைக்க என்று செடிக்கு இவற்றால் பல வேலைகள். ஆயிரக்கணக்கான வகைகள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. வெங்காயத்தில் குவெர்செடின், செலரியிலும் பார்ஸ்லியிலும் லூட்டியோலின், எலுமிச்சை இனத்தில் ஹெஸ்பெரிடின், தேயிலையிலும் கோகோவிலும் கேட்டகின் வகையறா. ஆகவே “ஃபிளேவனாய்டு நல்லதா?” என்ற கேள்வியே கொஞ்சம் கோணல். “மாத்திரை நல்லதா?” என்று கேட்பதைப் போல. எந்த மாத்திரை, எதற்கு, எவ்வளவு?

இந்தக் குடும்பத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. வைட்டமின் சி ஆராய்ச்சிக்காகப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜி, 1936இல் இவற்றுக்கு ‘வைட்டமின் பி’ என்று பெயர் வைத்தார். நமக்குத் தெரிந்த பி வைட்டமின்கள் வேறு. இது ஆங்கில வரிசையில் ஓ-வுக்கு அடுத்து வரும் எழுத்து. மிளகாய், எலுமிச்சைச் சாறுகளில் உள்ள ஏதோ ஒன்று நுண்ரத்தக்குழாய்களின் கசிவைக் குறைக்கிறது என்பது அவருடைய கணிப்பு. இல்லாவிட்டால் நோய் வரும் என்று காட்டினால்தான் ஒன்றை வைட்டமின் எனலாம். அதைக் காட்ட முடியவில்லை, 1950களில் அந்தப் பெயர் கைவிடப்பட்டது. ஃபிளேவனாய்டைச் சுற்றிய நம்பிக்கை ஆதாரத்தை முந்திக்கொண்டு ஓடுவது நேற்று இன்று தொடங்கியதில்லை.

## கண்ணாடித் தட்டில் கிடைக்கும் வெற்றி

ஒரு கண்ணாடித் தட்டில் மைக்ரோக்ளியா செல்களை வளர்த்து, அழற்சியைத் தூண்டும் ஒரு பொருளை விட்டு, பிறகு லூட்டியோலினைச் சேர்த்தால் அந்தச் செல்கள் அடங்குகின்றன. பல ஆய்வகங்கள் இதைப் பார்த்திருக்கின்றன. சந்தேகமில்லை.

ஆனால் தட்டில் இருக்கும் செல் லூட்டியோலினில் மூழ்கிக் கிடக்கிறது. மாத்திரையாக விழுங்கினால் கதை வேறு. குடலும் கல்லீரலும் ஃபிளேவனாய்டை வேண்டாத விருந்தாளி போலத்தான் நடத்துகின்றன. உள்ளே வந்த உடனேயே அதன்மேல் வேறு மூலக்கூறுகளை ஒட்டி, சிறுநீரில் போகும்படி மாற்றிவிடுகின்றன. விழுங்கியதில் எவ்வளவு மாறாமல் ரத்தத்தில் சேர்கிறது என்பதை உட்கிரகிப்பு அளவு என்கிறார்கள். குவெர்செடின், லூட்டியோலின் போன்றவற்றுக்கு இது குறைவு. தட்டில் ஊற்றும் செறிவு, ரத்தத்தில் கிடைப்பதைப் போலப் பல மடங்கு, சில சமயம் நூறு மடங்குகூட இருக்கும். அப்புறம் இன்னொரு மதில். கண்ட பொருளும் மூளைக்குள் நுழைந்துவிடாமல் ரத்தக்குழாய்ச் சுவரே காவல் காக்கிறது. அதற்கு ரத்த-மூளைத் தடுப்பு என்று பெயர். அதையும் தாண்ட வேண்டும்.

உட்கிரகிப்பை உயர்த்த, துகளை மிக நுண்ணியதாக அரைப்பது போன்ற உத்திகள் வந்திருக்கின்றன. அவை ரத்தத்தில் அளவைக் கூட்டலாம். நோயாளியின் கை அசைவைக் கூட்டுகிறதா என்பது தனிக் கேள்வி.

## எலிக்கு வந்த பக்கவாதம்

அடுத்த படி எலி. சோதனை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

எலியை மயக்கத்தில் ஆழ்த்துவார்கள். கழுத்து ரத்தக்குழாய் வழியே ஒரு மெல்லிய நைலான் இழையை உள்ளே தள்ளுவார்கள். முனை மழுங்கிய அந்த இழை மூளையின் ஒரு முக்கியக் குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ கழித்து இழையை உருவிவிடுவார்கள்; ரத்தம் மறுபடி பாயும். பெரும்பாலும் அடுத்த நாள் மூளையை எடுத்து மெல்லிய வில்லைகளாக வெட்டி ஒரு சாயத்தில் போடுவார்கள். உயிருள்ள திசு சிவப்பாகும், செத்த திசு வெள்ளையாகவே நிற்கும். ஃபிளேவனாய்டு கொடுத்த எலிகளுக்கு அந்த வெள்ளைப் பகுதி சிறிதாக இருந்தது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

இப்போது இந்த எலியையும் நிஜ நோயாளியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எலிக்கு இளம் வயது, வேறு நோய் கிடையாது. நோயாளிக்கு அறுபதைத் தாண்டியிருக்கும், சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் இருக்கும். எலிக்கு அடைப்பு எப்போது வந்தது என்று நிமிடக் கணக்கில் தெரியும். எத்தனையோ சோதனைகளில் அடைப்புக்கு முன்பே மருந்து உள்ளே போய்விடுகிறது. எந்த மனிதருக்கும் பக்கவாதம் வருவதற்கு முந்தின நாள் தெரிவதில்லை. அதோடு, அடுத்த நாளே வெட்டிப் பார்த்த எலி மூளை நமக்குச் சொல்வது காப்பதைப் பற்றி. மூன்று மாதம் கழித்துப் பொத்தான் போடுவதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

இது வெறும் சந்தேகப் புத்தி இல்லை, பட்டறிவு. பக்கவாதத்துக்காகச் சோதிக்கப்பட்ட சிகிச்சைகளை 2006இல் ஒரு ஆய்வுக் குழு எண்ணிப் பார்த்தது. மொத்தம் 1,026. அவற்றில் மனிதர்கள் வரை வந்தவை 114. செல்லைக் காக்கும் மருந்து என்று அவற்றில் எதுவும் நிலைத்து நிற்கவில்லை.

அதிகம் வலித்த தோல்வி என்.எக்ஸ்.ஒய்-059 என்ற மருந்துடையது. அரிக்கும் மூலக்கூறுகளைப் பிடித்து அடைப்பதுதான் அதன் வேலை, அதாவது ஃபிளேவனாய்டுக்குச் சொல்லப்படும் அதே காரணம். விலங்குச் சோதனைகள் நன்றாக இருந்தன. 2006இல் வெளிவந்த முதல் பெரிய மனிதச் சோதனையில் சிறிய பலனும் தெரிந்தது. எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 2007இல் 3,000 பேருக்கு மேல் வைத்து இரண்டாவது சோதனை. பலன் பூஜ்யம். ரத்தக்குழாய் வழியே நேரடியாக, சில மணி நேரத்துக்குள் ஏற்றிய மருந்துக்கே இந்தக் கதி. ஆக, “இது ஆன்டி ஆக்ஸிடன்ட், எனவே பக்கவாதத்துக்கு நல்லது” என்ற ‘எனவே’யை இனி அப்படியே ஏற்பதற்கில்லை.

## அந்த 250 பேர்

சரி, மனிதர்களிடம் ஃபிளேவனாய்டைச் சோதித்தார்களா? சோதித்தார்கள். அடிக்கடி காட்டப்படும் ஆய்வு 2016இல் இத்தாலியிலிருந்து வந்தது. மறுவாழ்வு சிகிச்சையில் இருந்த 250 பக்கவாத நோயாளிகளுக்கு லூட்டியோலின் கலந்த ஒரு தயாரிப்பை 60 நாட்கள் கொடுத்தார்கள். தொடக்கத்திலும், 30ஆம் நாளும், 60ஆம் நாளும் அளந்தார்கள். நரம்பு நிலை, நினைவாற்றல், தசை இறுக்கம், அன்றாட வேலைகளைத் தானே செய்யும் திறன் எல்லாவற்றிலும் முன்னேற்றம் தெரிந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது. முதலில் ஒரு சின்ன விஷயம்: அந்தத் தயாரிப்பில் பெரும்பங்கு ஃபிளேவனாய்டே கிடையாது. பத்துப் பங்கு பால்மிட்டாயில்எத்தனாலமைடு, ஒரு பங்கு லூட்டியோலின். முதலாவது கொழுப்பு அமிலத்திலிருந்து வரும் பொருள். நம் உடலே அதைத் தயாரிக்கிறது, முட்டை மஞ்சள் கருவிலும் இருக்கிறது. அதன் அழற்சி அடக்கும் குணத்தை விளக்கியவர்களில் ஒருவர் நோபல் பரிசு பெற்ற ரீட்டா லெவி-மொன்டால்சினி. ஆகவே பலன் இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும், அதை லூட்டியோலின் கணக்கில் எழுத முடியாது. ‘ஃபிளேவனாய்டு பக்கவாதத்தைக் குணப்படுத்தும்’ என்று இந்த ஆய்வைச் சுருக்குவது, சாம்பாரில் போட்ட பெருங்காயத்துக்குச் சாம்பாரின் பெயரையே வைப்பது மாதிரி.

பெரிய விஷயம் இனிதான். அந்த 250 பேருக்கும் தயாரிப்பு கொடுக்கப்பட்டது. கொடுக்கப்படாத ஆள் யாரும் இல்லை.

ஜலதோஷம் மருந்து சாப்பிட்டால் ஒரு வாரத்தில் போகும், சாப்பிடாவிட்டால் ஏழு நாளில் போகும் என்பார்கள் அல்லவா? அந்த நகைச்சுவைக்குள் மருத்துவ ஆராய்ச்சியின் அடிப்படை விதி ஒன்று ஒளிந்திருக்கிறது. தானாகச் சரியாகும் நோயில், மருந்துக்குப் பிறகு சரியானது என்பதற்கு மதிப்பில்லை. பக்கவாதம் முழுக்கத் தானாகச் சரியாவதில்லைதான். ஆனால் முதல் மாதங்களில் ஓரளவு தானாக முன்னேறுகிறது. அந்த 250 பேரும் மறுவாழ்வு சிகிச்சையிலும் இருந்தார்கள். 60 நாளில் அவர்கள் முன்னேறாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். நினைவாற்றல் சோதனையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே வகைக் கேள்விகளை மூன்றாவது முறை கேட்கும்போது மூளை தேறாவிட்டாலும் மதிப்பெண் தேறலாம்.

இந்த ஆய்வைப் பொய் என்று சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு ஒரு வேலை உண்டு: நோயாளிகள் மாத்திரையைத் தாங்குகிறார்களா, அடுத்த பெரிய சோதனைக்குச் செலவழிப்பது நியாயமா என்று பார்ப்பது. முதல் படி. டப்பாவில் அது கடைசிப் படியாக அச்சாவதுதான் பிரச்சினை.

## பலன் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பார்கள்

மழைக்காலத்தில் உரம் போட்டால் செடி வளரும், உரத்தாலா மழையாலா? கண்டுபிடிக்க ஒரே வழி, பாதிச் செடிகளுக்கு உரம் போடாமல் விடுவது. மருத்துவத்தில் அந்த மீதிப் பாதிக்கு ஒப்பீட்டுக் குழு என்று பெயர். அவர்களுக்கும் அதே டாக்டர், அதே பிசியோதெரபி. மாத்திரை மட்டும் உள்ளே ஒன்றுமில்லாத போலி மாத்திரை.

யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்ய வேண்டும். இல்லாவிட்டால், டாக்டரே அறியாமல் தேறக்கூடிய நோயாளிகளாகப் பார்த்துப் புது மாத்திரையைக் கொடுத்துவிடுவார். யாருக்கு எது போனது என்பது நோயாளிக்கும் தெரியக்கூடாது, அளப்பவருக்கும் தெரியக்கூடாது. இதற்கு இரட்டை மறைப்பு என்று பெயர். பக்கவாதத்தில் இது மிக அவசியம். ‘உதவியில்லாமல் உடை மாற்றுகிறாரா, கொஞ்சம் உதவியோடா?’ என்பது போன்ற கேள்விகளால்தான் முன்னேற்றத்தை அளக்கிறார்கள். புது மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரிந்தால், அளப்பவரின் பேனா அரை மதிப்பெண் தாராளமாகத்தான் நகரும். மனித சுபாவம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஏமாறலாம், ஆள் எண்ணிக்கை குறைவாக இருந்தால். பக்கவாத மீட்சிக்கு இதில் ஒரு நல்ல பாடம் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸெடின் மாத்திரையைப் பிரான்சில் 118 நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஒப்பீட்டுக் குழு, சீட்டுக் குலுக்கல், மறைப்பு எல்லாம் இருந்தது. மூன்று மாதத்தில் கைகால் அசைவு தெளிவாகக் கூடியிருந்தது. 2011இல் முடிவு வந்ததும் பல டாக்டர்கள் அந்த மாத்திரையை எழுதத் தொடங்கினார்கள். 2018இல் பிரிட்டனிலிருந்து 3,127 பேரிடம் செய்த சோதனையின் முடிவு வந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு அன்றாட வாழ்வை நடத்தும் திறனில் இரண்டு குழுக்களுக்கும் வித்தியாசமே இல்லை. மனச்சோர்வு குறைந்திருந்தது, உண்மை. ஆனால் எலும்பு முறிவு கூடியிருந்தது. 2020இல் வந்த இன்னும் இரண்டு பெரிய சோதனைகளும் அதையே சொல்லின.

சிட்டிகோலின் கதையும் இதே ரகம். பக்கவாதத்துக்குப் பிறகு பல நாடுகளில் தாராளமாக எழுதப்படும் பொருள். சிறிய சோதனைகள் நம்பிக்கை தந்தன. 2012இல் வெளியான சுமார் 2,300 பேரின் சோதனையில் பலன் தெரியவில்லை.

மாத்திரை என்று மட்டும் இல்லை. பக்கவாதம் வந்தவரை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது கேட்டவுடன் சரியாகத்தான் தோன்றும். 2015இல் 2,104 பேரிடம் சோதித்தபோது, முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே தீவிரமாக எழுப்பி நடமாட வைத்த குழுவில் நன்றாகத் தேறியவர்களின் விகிதம் குறைவாக இருந்தது. இந்த முடிவைப் படித்தபோது எனக்கே நம்பக் கஷ்டமாக இருந்தது.

லூட்டியோலினோ குவெர்செடினோ பக்கவாத மீட்சிக்காக இந்த அளவுச் சோதனையைத் தாண்டி வந்ததில்லை. ஃபிளேவனாய்டு நிறைந்த ஜின்கோ இலைச் சாறு மட்டும் கொஞ்சம் அதிகமாக ஆராயப்பட்டது. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2005இல் வெளியிட்ட ஆய்வு, தரமான சோதனைகளிலிருந்து நம்பத்தகுந்த ஆதாரம் கிடைக்கவில்லை என்றது.

இந்தப் பகுதியைச் சுருக்கினால்: ஒப்பீடு வேண்டும், குலுக்கல் வேண்டும், மறைப்பு வேண்டும், ஆட்களும் ஆயிரக்கணக்கில் வேண்டும். பக்கவாத மீட்சியைப் பொறுத்தவரை ஃபிளேவனாய்டு இன்னும் இந்த வாசலுக்கு வெளியேதான் நிற்கிறது.

## “ஆனால் பழம், தேநீர் எல்லாம் நல்லது என்கிறார்களே?”

இது வேறு கேள்வி. நெதர்லாந்தின் சுட்பன் நகரில் 805 முதியவர்களின் உணவைக் கவனித்து 1993இல் வெளிவந்த ஆய்வில், தேநீர், வெங்காயம், ஆப்பிள் வழியாக ஃபிளேவனாய்டு அதிகம் எடுத்தவர்களிடம் இதய நோய் மரணம் குறைவாக இருந்தது. பிறகு இப்படிப் பல ஆய்வுகள் வந்தன. அவை எல்லாம் நோய் வராமல் தடுப்பது பற்றியவை. வந்தபின் மீள்வது பற்றி இல்லை. அதோடு, காய்கனி அதிகம் சாப்பிடுபவர் புகைப்பதும் குறைவாக இருக்கும், நடப்பதும் அதிகமாக இருக்கும். எதற்கு எது காரணம் என்று பிரிப்பது கஷ்டம்.

பிரிக்க முயன்ற சோதனையும் ஒன்று உண்டு. கோகோவில் உள்ள ஃபிளேவனால்களை (ஃபிளேவனாய்டு குடும்பத்தின் ஒரு கிளை) மாத்திரையாக்கி, 21,442 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். முடிவு 2022இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட மொத்த இதய-ரத்தக்குழாய் நிகழ்வுகள் கொஞ்சம் குறைந்தாற்போலத் தெரிந்தது, ஆனால் தற்செயல் இல்லை என்று சொல்லும் அளவுக்கு இல்லை. இதய-ரத்தக்குழாய் நோய் மரணம் மட்டும் குறைந்திருந்தது. சோதனையின் முதன்மைக் கேள்வி அதுவல்ல என்பதால், அதை அடுத்த சோதனைக்கான குறிப்பாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

உணவில் நல்லது மாத்திரையிலும் நல்லது என்பதும் நிச்சயமில்லை. பின்லாந்தில் புகைப்பழக்கம் உள்ள 29,000க்கும் மேற்பட்ட ஆண்களைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்பது எதிர்பார்ப்பு. 1994இல் முடிவு வந்தபோது, அதைச் சாப்பிட்டவர்களிடம் 18 சதவீதம் கூடியிருந்தது. பீட்டா கரோட்டின் ஃபிளேவனாய்டு இல்லை, வேறு குடும்பம். ‘காய்கறியில் இருப்பதுதானே, என்ன செய்துவிடப் போகிறது’ என்ற பேச்சுக்கு மட்டும்தான் இது பதில்.

## ஆதாரம் இல்லை என்றால் பயனில்லை என்றா?

அப்படியில்லை. இந்த இடத்தில் எதிர்ப்பக்கத்தாரும் சறுக்குகிறார்கள். சோதித்துப் பார்த்துப் பலனில்லை என்று தெரிந்தது சிட்டிகோலின். சரியாகச் சோதிக்கவே படாதது லூட்டியோலின். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. நாளை ஒரு நல்ல சோதனை வந்து லூட்டியோலினுக்குப் பலன் உண்டு என்று காட்டினால், ஏற்றுக்கொள்வதில் எந்தத் தயக்கமும் இருக்கக்கூடாது. இன்றைக்கு ஒருவர் ‘நிரூபிக்கப்பட்டது’ என்று சொன்னால், “எதில்? தட்டிலா, எலியிலா, ஒப்பீட்டுக் குழுவோடு மனிதர்களிலா?” என்று கேட்டால் போதும். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

## சாப்பிட்டே ஆக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு

அடைப்புப் பக்கவாதம் வந்தவர் பெரும்பாலும் ஏற்கெனவே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றில் ஒன்றையாவது சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இவை ரத்தம் உறைவதைத் தடுப்பவை. சில ஃபிளேவனாய்டுகளும் ஜின்கோவும், ரத்தம் உறைய உதவும் ரத்தத்தட்டுகள் என்ற நுண்துகள்கள் ஒட்டிக்கொள்வதைக் குறைக்கலாம், சில கல்லீரலில் மற்ற மருந்துகள் உடைபடும் வேகத்தையும் மாற்றலாம். வார்ஃபரின் போன்ற மருந்தில் அளவு கொஞ்சம் கூடினாலும் ரத்தக்கசிவு, குறைந்தாலும் கட்டி. அடைப்புப் பக்கவாதத்திலிருந்து தேறிவருபவருக்குக் கசிவுப் பக்கவாதத்தின் அபாயத்தை நாமே வாங்கிக் கொடுத்ததாகிவிடும்.

கல்லீரலும் கவனிக்க வேண்டிய இடம். பச்சைத் தேயிலையின் முக்கிய கேட்டகினை நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ மாத்திரையாக எடுப்பது கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகளை ஏற்படுத்தலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொன்னது. கோப்பையில் குடிக்கும் தேநீரைப் பற்றி அந்த எச்சரிக்கை இல்லை.

யாரும் யோசிக்காத ஒன்றும் இருக்கிறது: விழுங்குவது. பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கு விழுங்கும் தசைகளும் பலவீனமாகியிருக்கும். பெரிய மாத்திரை தொண்டையில் நிற்கும், தூளாக்கித் தண்ணீரில் கலந்து கொடுத்தால் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம். எனவே டப்பாவின் பெயரை மட்டும் போனில் சொல்லிக் கேட்காதீர்கள். டப்பாவையே கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலையும், மாத்திரையின் அளவையும் டாக்டர் கண்ணால் பார்க்கட்டும்.